65 வயதில் 10.2 சதவீத உத்தரவாத அன்யுட்டி: விட்டுக்கொடுக்கலாமா?

டூட்டிங் கடைக்காரர்

வணக்கம். இங்கிலாந்துப் பென்சன் விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

1987ல் கடை எடுத்த புதிதில் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் விடாமல் பின்னால் திரிந்து ஒரு பென்சன் பொலிசி எடுக்க வைத்தார். மாதம் 40 பவுண்டில் தொடங்கியது. வியாபாரம் ஓடிய காலத்தில் கூட்டிக் கட்டினேன், 2009க்குப் பிறகு கட்டவில்லை. அந்தக் கம்பனியை இன்னொன்று வாங்கி, அதை வேறொன்று வாங்கி, இப்போது கடிதத்தின் தலையில் இருக்கும் பெயர் எனக்கே புதிது.

வரும் அக்டோபரில் எனக்கு 65. போன வாரம் வந்த கடிதத்தில் பொலிசியின் பெறுமதி 62,000 பவுண்ட் என்று இருக்கிறது. கீழே சின்ன எழுத்தில், 65 வயதில் 10.2 சதவீதம் உத்தரவாத அன்யுட்டி விகிதம் உண்டாம். சேர்ந்த தொகையைக் கம்பனியிடமே விட்டு ஆயுள்வரை வாங்கும் பென்சன்தான் அன்யுட்டி. அதாவது சாகும்வரை வருடம் 6,324 பவுண்ட். ஆனால் எனக்கு மட்டும்தான், மனைவிக்கு இல்லை. தொகை ஏறாது. வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் வருட முடிவில் தருவார்கள்.

மகன் சொல்கிறான்: "அப்பா, இதை வெளியே எடுத்து டிரோடவுனில், அதாவது முதலீட்டிலேயே வைத்துத் தேவையானபோது எடுக்கும் கணக்கில், போடுங்கள். நீங்கள் இல்லையென்றால் அம்மாவுக்கு ஒரு சதமும் வராது." அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மனைவிக்கு 60 வயது. கடையில் என்னோடு இருபது வருடத்துக்கு மேல் நின்றவர், ஆனால் சம்பளப் பட்டியலில் பெயர் போட்டதே இல்லை. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. அக்டோபரோடு கடையையும் கைமாற்றிவிடப் போகிறேன். எனக்கு நீரிழிவு இருக்கிறது, மாத்திரை மட்டும்தான்.

வைத்திருக்கவா, விடவா?

ஹரோ கணக்கர்

அண்ணை, முதலில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்று சந்தையில் 65 வயதுக்காரர் ஒருவருக்கு, ஏறாத வகை அன்யுட்டி 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கிறது. 7.2 என்று வைத்தால் உங்கள் 62,000க்கு வருடம் 4,464தான். உங்கள் பொலிசி தருகிற 6,324ஐ வெளியே வாங்க வேண்டுமென்றால் ஏறத்தாழ 87,800 பவுண்ட் கொண்டுபோக வேண்டும். அதாவது கடிதத்தில் 62,000 என்று போட்டிருந்தாலும், அதற்குள் இன்னொரு 25,000க்கு மேல் மறைந்து கிடக்கிறது. பொலிசியை வெளியே மாற்றிய நிமிடம் அது காற்றோடு போய்விடும். மாற்றும்போது 62,000தான் தருவார்கள்.

உங்கள் மகன் சொல்வதில் ஒரு பாதி சரி. மனைவியின் பிரச்சினை உண்மையான பிரச்சினைதான். ஆனால் அதைத் தீர்க்க 25,000ஐ எறியத்தான் வேண்டுமா என்று பார்க்க வேண்டும்.

சும்மா சொல்லுறன்

எல்லோரும் 10 சதவீதம் 10 சதவீதம் என்று வாயைப் பிளக்கிறீர்கள். 62,000ஐ 6,324ஆல் பிரித்துப் பாருங்கள். கிட்டத்தட்ட பத்து வருடம் உங்கள் காசைத்தான் உங்களுக்கே திருப்பித் தருகிறார்கள். 75 வரைக்கும் அவர்கள் கையிலிருந்து ஒன்றும் போகாது.

பணவீக்கம் என்று ஒன்று இருக்கிறது. 2022 அக்டோபரில் 11.1 சதவீதம் போனதை மறந்துவிட்டீர்களா? வருடம் 3 சதவீதம் என்று சாதுவாக வைத்தாலும், 20 வருடத்தில் அந்த 6,324 இன்றைய 3,500 பவுண்ட் வாங்குவதைத்தான் வாங்கும். உலகப் பங்குச் சந்தைக் குறியீட்டு நிதியில் போடுங்கள். காசு உங்கள் பெயரில் இருக்கும், போனால் பிள்ளைகளுக்கு இருக்கும். இன்சூரன்ஸ் கம்பனியை யார் நம்புவது? நாளைக்கு அது கவிழ்ந்தால்?

ஹரோ கணக்கர்

கவிழ்வதைப் பற்றி முதலில். இங்கிலாந்தின் நிதிச்சேவை இழப்பீட்டுத் திட்டம் அன்யுட்டியை 100 சதவீதம் காக்கிறது, உச்சவரம்பு இல்லை. முதலீட்டுக் கணக்குகளுக்குத்தான் வரம்பு. ஆக அந்தப் பயம் உங்கள் யோசனைக்குத்தான் கூடப் பொருந்தும்.

மற்றக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 62,000ஐ டிரோடவுனில் வைத்து, கட்டணம் போக வருடம் 4 சதவீதம் வளர்ந்து, அதே 6,324ஐ எடுத்தால், 13வது வருடம் முடிவதற்குள் பானை காலி. அப்போது வயது 77. வருடம் 6 சதவீதம் வளர்ந்தால் 80 தாண்டும். இங்கிலாந்தில் 65 வயது ஆண் சராசரியாக 85 வரை இருக்கிறார், நாலு பேரில் ஒருவர் 92ஐத் தொடுகிறார். அந்த 6 சதவீதமும் ஒவ்வொரு வருடமும் ஒழுங்காக வரும் என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை. முதல் இரண்டு வருடத்தில் சந்தை விழுந்து, அந்த விழுந்த விலையில் விற்று எடுத்துச் சாப்பிட்டால் பிறகு அது எழும்பாது.

பணவீக்கத்தோடு கூடப் போகிற வருமானம் டிரோடவுனில் வேண்டுமா? முதல் வருடம் 4 சதவீதம் எடுத்து, பிறகு அதைப் பணவீக்கத்தோடு ஏற்றிக்கொண்டு போ என்று பலர் சொல்கிற விதிப்படி முதல் வருடம் 2,480 எடுக்கலாம். இது வருடாவருடம் ஏறி 6,324ஐத் தொடும்போது அண்ணைக்கு வயது 95க்கு மேல். ஏறாத தொகை என்பது குறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு உயரத்தில் தொடங்கும்போது அந்தக் குறையைத் தாங்கலாம்.

பழைய ஆக்சுவரி

நான் ஓய்வுபெறும்வரை ஆக்சுவரியாக, அதாவது இன்சூரன்ஸ் கம்பனிகளுக்கு ஆயுள், வட்டிக் கணக்குப் போடுபவனாக இருந்தேன். இப்படி ஒரு வாக்குறுதியை ஏன் கொடுத்தார்கள் என்று இளையவர்கள் கேட்பார்கள்.

1979 நவம்பரில் இங்கிலாந்து வங்கியின் வட்டி 17 சதவீதம். எண்பதுகளிலும் பெரும்பகுதி இரட்டை இலக்கம்தான். அந்த நேரத்தில் "65 வயதில் 10 சதவீதம் நிச்சயம்" என்று எழுதிக் கொடுப்பது கம்பனிக்குச் செலவே இல்லாத அலங்காரமாகத் தெரிந்தது, சந்தையே அதைவிடக் கூடத் தந்தது. மனிதர்கள் இவ்வளவு நீண்டகாலம் இருப்பார்கள் என்பதையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. தொண்ணூறுகளில் வட்டி விழுந்தது, ஆயுள் கூடியது, அலங்காரம் கழுத்தை இறுக்கியது. 1762ல் தொடங்கிய ஈக்விட்டபிள் லைஃப் என்ற இன்சூரன்ஸ் கம்பனி இதில்தான் சிக்கியது. உத்தரவாதம் உள்ளவர்களுக்குப் பொலிசி முடியும்போது தரும் கடைசி போனஸைக் குறைத்துச் சரிக்கட்டப் பார்த்தார்கள். 2000 ஜூலையில், அன்று உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் அது செல்லாது என்றார்கள். சுமார் 150 கோடி பவுண்ட் பொறுப்பு தலையில் விழுந்தது. அந்த டிசம்பரிலேயே புதிய வியாபாரத்தை நிறுத்திவிட்டார்கள்.

1987ல் சொந்தத் தொழில் செய்தவர் எடுத்தது என்றால் கடைக்காரர் ஐயாவுடையது பெரும்பாலும் "226 பிரிவு" ஒப்பந்தம், வரிச் சட்டத்தின் அந்தப் பிரிவில் வந்த பழைய வகைப் பென்சன். 1988 நடுவோடு அந்த வகையை விற்பது நின்றுவிட்டது. நல்ல உத்தரவாதங்கள் நிறைய அதற்குள்தான் இருக்கின்றன.

ஆனால் 10.2ஐயும் 7.2ஐயும் பக்கத்தில் வைத்து அப்படியே ஒப்பிடக் கூடாது. சந்தை விகிதம் பெரும்பாலும் மாதாமாதம், முன்கூட்டியே தருவதற்கு. உங்களுடையது வருட முடிவில். முதல் காசு 66வது பிறந்தநாளில்தான் வரும். மாதக்கணக்குக்கு மாற்றினால் 10.2 என்பது 9.7 அளவுக்கு இறங்கும். இன்னொன்று, வருடத்தின் நடுவில் ஒருவர் காலமானால் அந்த உடைந்த மாதங்களுக்கு விகிதாசாரமாகத் தருவார்களா, மாட்டார்களா என்பதைப் பொலிசியில் பாருங்கள். பழைய ஒப்பந்தங்களில் பலவற்றில் தரமாட்டார்கள். பதினோராவது மாதம் போனால் பதினொரு மாதமும் போச்சு. இதையெல்லாம் கழித்தாலும் உங்கள் உத்தரவாதம் சந்தையைவிட மூன்றில் ஒரு பங்கு கூட.

முக்கியமானது திகதி. சில பொலிசிகளில் 60 முதல் 75 வரை ஒவ்வொரு வயதுக்கும் ஒரு விகித அட்டவணை இருக்கும். வேறு சிலவற்றில் 65வது பிறந்தநாளுக்கு மட்டும்தான் உத்தரவாதம், அந்த நாளைக் கடந்தால் சாதாரணப் பொலிசி ஆகிவிடும். தொலைபேசியில் கேட்டால் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

மில்டன் கீன்ஸ் மதுரைக்காரன்

நடுவுல ஒரு சந்தேகம். ஊர்ல எங்க அப்பா எல்ஐசியில அன்யுட்டி வாங்கினப்போ, அவர் காலத்துக்கு அப்புறம் போட்ட அசல் அப்படியே அம்மாவுக்கு வர்ற மாதிரி எடுத்தார். இங்கே பாலிசியில அந்த மாதிரி எதுவும் கிடையாதா?

பழைய ஆக்சுவரி

புதிதாக வாங்கும் அன்யுட்டியில் உண்டு தம்பி, அதற்கு விகிதம் குறையும். இந்தப் பழைய உத்தரவாதங்களில் அநேகமாக இருக்காது. ஆனால் 5 வருட உத்தரவாத காலம் என்ற ஒன்றைச் சில பொலிசிகள் அனுமதிக்கும். பென்சன் தொடங்கி ஐந்து வருடத்துக்குள் ஆள் போனாலும் மிச்சத் தவணைகள் குடும்பத்துக்கு வரும். அதற்குக் குறைக்கும் அளவு மிகச் சிறியது. கடைக்காரர் ஐயா இதையும் கேட்டுப் பாருங்கள்.

சுரபி ஈஸ்ட்ஹாம்

என் அப்பாவுக்கு இப்படி ஒரு பொலிசி இருந்தது, 18,000 பவுண்டுக்கு. பழைய பென்சன்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிற ஒரு செயலியில் என் தம்பி அதை மாற்றிவிட்டான். பெயர் வேண்டாம். எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அப்பா வழக்கம்போல மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். ஒரு வருடம் கழித்து அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தபோதுதான் 65 வயதில் ஒன்பது சதவீதத்துக்கு மேல் எழுதியிருந்தது தெரிந்தது. திருப்பிப் போட வழி கிடையாது.

30,000 பவுண்டுக்குக் கீழே என்றால் யாரும் தடுக்க மாட்டார்கள், அதுதான் பிரச்சினை.

ஹரோ கணக்கர்

சுரபி சொன்னது முக்கியம். உத்தரவாதம் உள்ள பொலிசியின் பெறுமதி 30,000க்கு மேல் என்றால், வெளியே மாற்றுவதற்கு முன் அங்கீகாரம் பெற்ற நிதி ஆலோசகரிடம் கட்டாயம் ஆலோசனை எடுக்க வேண்டும். 2015ல் பென்சன் பணத்தை விரும்பியபடி எடுக்கும் சுதந்திரம் வந்தபோதே வைத்த சட்டம். அந்த 30,000ஐ அளப்பது கடிதத்தில் உள்ள மாற்றுப் பெறுமதியை வைத்துத்தான், உள்ளே மறைந்திருக்கும் மதிப்பைச் சேர்த்தல்ல. அதனால் சின்னப் பொலிசிக்காரர்கள்தான் தெரியாமல் இழப்பது.

அண்ணைக்கு 62,000 என்பதால் மகனின் வழியில் போக வேண்டுமென்றால் ஆலோசகருக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் கொடுக்க வேண்டி வரும். அவர் "வேண்டாம்" என்று எழுதினால், சட்டப்படி நீங்கள் மீறிப் போகலாம்தான், ஆனால் அப்படி வரும் பணத்தை வாங்கிக்கொள்ளப் பல கம்பனிகள் மறுக்கும். உத்தரவாதத்தையே எடுப்பதென்றால் ஆலோசகர் கட்டாயமில்லை. 50 வயது தாண்டியவர்களுக்கு அரசாங்கத்தின் பென்சன் வைஸ் இலவசம், அதில் ஒரு நேரம் பதிந்து பேசிவிடுங்கள். இதைச் செய், அதைச் செய் என்று சொல்லமாட்டார்கள், எதைக் கேட்க வேண்டும் என்று காட்டுவார்கள்.

மருந்துக்கடை ராணி

லெஸ்டரில் பார்மசி வைத்திருக்கிறேன். நீரிழிவு என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள் அண்ணா, அதைக் கொஞ்சம் பிடித்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் உத்தரவாதம் உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காது. சந்தையில் கேட்பார்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், கொழுப்பு, புகை, பழைய மாரடைப்பு, எடை என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தால் கூடுதல் விகிதத்தில் அன்யுட்டி தருவார்கள், ஏனென்றால் குறைந்த காலம்தான் கொடுக்க வேண்டி வரும் என்பது அவர்கள் கணக்கு. நம் ஆட்கள் இந்தப் படிவத்தில் பாதி நோயை மறைப்பார்கள், கல்யாணப் பேச்சு மாதிரி. இங்கே மறைத்தால் நட்டம் நமக்குத்தான்.

மாத்திரையோடு அடங்கிய நீரிழிவுக்கு 7.2 என்பது கொஞ்சம் ஏறும். 9.7ஐத் தாண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சிறுநீரகம், கண், இதயம் எதிலாவது கை வைத்திருந்தால் கணக்கு வேறு. ஒரு கொட்டேஷன் எடுப்பதற்குக் காசு இல்லை, எடுத்துப் பாருங்கள். புற்றுநோய் போன்ற பாரதூரமான வருத்தம் யாருக்காவது இருந்தால் அவர்கள் 10 அல்ல, 12 சதவீதம் என்றாலும் தனியாள் அன்யுட்டி எடுக்கக் கூடாது. அந்த இடத்தில் உத்தரவாதத்தை விடுவதுதான் சரி, வெட்கப்படத் தேவையில்லை.

கொவென்ட்ரி மாமி

நீங்கள் எல்லோரும் அவருடைய காசைப் பற்றித்தான் கதைக்கிறீர்கள். நான் மற்றப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

என் கணவர் தனியாள் அன்யுட்டிதான் எடுத்தார். அவர் போன மாதத்தோடு அது நின்றது. அவர் எடுத்தது பிழை என்று சொல்லவில்லை. எட்டு வருடம் அந்தக் காசில் நிம்மதியாக இருந்தோம். பிழை எங்கே என்றால், எனக்கென்று என்ன வரும் என்று அவர் இருக்கும்போது நாங்கள் இருவரும் ஒரு நாளாவது உட்கார்ந்து பார்க்கவில்லை. என் அரச பென்சன் பாதியாக வந்தபோதுதான் தெரிந்தது.

தம்பி, அரச பென்சன் எவ்வளவு என்பதை முடிவு செய்கிற நேஷனல் இன்சூரன்ஸ் கட்டணப் பதிவை உங்கள் மனைவிக்குப் பார்த்தீர்களா? எத்தனை வருடம் இருக்கிறது? பிள்ளைகள் எப்போது பிறந்தார்கள்? பிள்ளைகளுக்கு அரசாங்கம் தரும் சைல்ட் பெனிஃபிட் காசை யார் பெயரில் வாங்கினீர்கள்? 2000க்கு முன் நாங்கள் நிரப்பிய படிவங்களில் பலரும் நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கம் எழுதவில்லை. பிள்ளை வளர்த்த வருடங்களுக்குத் தாய்மாருக்குப் பாதுகாப்பு ஒன்று இருந்தது, அது பலரின் பதிவில் ஏறவே இல்லை. எனக்கு என் சிநேகிதி சொல்லித்தான் தெரியும். எழுதிக் கேட்டேன், பதிவைத் திருத்தி நிலுவையும் தந்தார்கள்.

டூட்டிங் கடைக்காரர்

மன்னிக்க வேண்டும், கடையில் கணக்கெடுப்பு, அதனால் தாமதம். எல்லோருக்கும் நன்றி. மாமி கேட்ட கேள்வி எங்கள் வீட்டில் பெரிய கதையாகிவிட்டது.

முதலில் பொலிசி. தொலைபேசியில் முக்கால் மணித்தியாலம் வயலின் கேட்டுக் காத்திருந்த பிறகு ஒரு பிள்ளை எடுத்தது. பிறகு கடிதமும் வந்தது. 10.2 என்பது 65வது பிறந்தநாளுக்கு மட்டும்தான். படிவங்கள் பிறந்தநாளுக்கு முன் அவர்கள் கையில் இருக்க வேண்டும், பிந்தினால் அன்றைய சந்தை விகிதம். 5 வருட உத்தரவாத காலம் சேர்த்தால் 10.0, அதாவது 6,200. விகிதாசாரம் கிடையாது, ஆக்சுவரி ஐயா சொன்ன மாதிரியே. மனைவியையும் சேர்ப்பதென்றால் உத்தரவாதமே இல்லை, சாதாரண விகிதம்தான். 25 சதவீதம் வரியில்லாமல் எடுக்கலாம், மிச்சத்துக்கு உத்தரவாதம் தொடரும். பாதியை வெளியே மாற்றிப் பாதியை வைத்திருக்க விடமாட்டார்கள்.

இரண்டாவது, மனைவி. அரசாங்க இணையதளத்தில் மகள் பார்த்துச் சொன்னாள்: 14 வருடம்தான் இருக்கிறது. எல்லாம் 2010 முதல் 2024 வரை சூப்பர்மார்க்கெட்டில் பகுதிநேரம் செய்தது, பிறகு முழங்கால் வலியால் நிறுத்திவிட்டார். பிள்ளைகள் 1989, 1993. சைல்ட் பெனிஃபிட் அவர் பெயரில்தான். படிவத்தில் என்ன எழுதினோம் என்று யாருக்கு ஞாபகம்? 1990 முதல் 2010 வரை பதிவில் வெறுமை.

ஹரோ கணக்கர்

அண்ணை, உங்கள் கேள்விக்கு விடை பொலிசியில் இல்லை, இந்த வெறுமையில் இருக்கிறது.

2026-27ல் முழு அரச பென்சன் வாரம் 241.30 பவுண்ட், 35 வருடத்துக்கு. ஒரு வருடத்தின் பெறுமதி வாரம் 6.89. அக்காவின் 14 வருடத்துக்கு வாரம் 96 பவுண்ட் சொச்சம்தான் வரும். மாமி சொன்ன பிள்ளைப் பராமரிப்புப் பாதுகாப்பு, பிள்ளைக்கு 16 ஆகும் வரை, முழு வரி ஆண்டுகளுக்குக் கிடைக்கும். உங்களுக்கு 1990-91 முதல் 2008-09 வரை, 19 வருடம். அது ஏறினால் 33 வருடம். வித்தியாசம் வாரம் 131 பவுண்ட், வருடத்துக்கு 6,800 பவுண்டுக்கு மேல்.

உங்கள் 10.2 சதவீதம் தரும் முழுத் தொகையைவிட அது கூட. அதுவும் வருடாவருடம் ஏறுகிற தொகை, அக்காவின் சொந்தப் பெயரில், அவர் இருக்கும்வரை. செலவு ஒரு படிவம். சிஎஃப்411 என்பது அதன் பெயர், அரசாங்கத் தளத்திலேயே தகுதியைப் பார்த்து நிரப்பலாம்.

33க்கும் 35க்கும் இடையில் இருக்கும் இரண்டு வருடத்தைக் காசு கட்டி வாங்கலாம். கடந்த ஆறு வரி ஆண்டுகளில் விட்டுப்போனதைக் கட்ட விடுவார்கள். ஒரு வருடத்துக்கு 900 பவுண்ட் சொச்சம், திரும்பி வருவது வருடத்துக்கு ஏறத்தாழ 350. மூன்று வருடத்துக்குள் போட்ட காசு வந்துவிடும். ஆனால் படிவத்தின் முடிவு வந்த பிறகு கட்டுங்கள், தேவையில்லாத வருடத்துக்குக் கட்டிவிட்டுத் திருப்பி வாங்குவது பெரிய அலைச்சல்.

அக்காவின் 60க்கும் 67க்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது, அந்த நேரத்தில் உங்களுக்கு ஏதும் ஆனால் என்ன என்பதுதான் மிச்சக் கேள்வி. 5 வருட உத்தரவாத காலம் அதில் பெரும்பகுதியை மூடும். வருடம் 124 பவுண்ட் குறைவது அதற்கு மலிவு. அரச பென்சன் வயதுக்கு முன் துணையை இழந்தவருக்கு அரசாங்கமும் 2,500 பவுண்டும், பிறகு மாதம் 100 வீதம் 18 மாதமும் தரும், நீங்கள் நேஷனல் இன்சூரன்ஸ் கட்டியவர் என்பதால்.

கடைக்காரரின் மகன்

நான்தான் அந்த டிரோடவுன் மகன். அப்பா இந்த இழையை அச்சடித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டார்.

அம்மாவின் நேஷனல் இன்சூரன்ஸ் பற்றி எனக்குத் தெரியாது, அதற்கு எல்லோருக்கும் நன்றி. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அன்யுட்டி என்றால் மூலதனம் போய்விடுகிறது. டிரோடவுனில் இருப்பது பரம்பரை வரிக்கும் வெளியே நிற்கும் அல்லவா? லண்டன் வீட்டு விலையில் அது சின்ன விஷயமில்லை.

ஹரோ கணக்கர்

தம்பி, அது 2027 ஏப்ரலோடு முடிகிறது. அதன் பிறகு செலவழிக்காமல் விட்ட பென்சன் பானையும் பரம்பரை வரிக் கணக்குக்குள் வரும். அம்மாவுக்குப் போனால் வரி இல்லை, பிள்ளைகளுக்குப் போகும்போது வரும். அப்பா 75க்குப் பிறகு போனால் அதை எடுக்கும்போது உங்களுக்கு வருமான வரியும் உண்டு. பழைய காரணம் இனிமேல் ஓடாது.

சும்மா சொல்லுறன்

சரி, இந்த ஆளுக்கு உத்தரவாதம் எடுப்பது சரிதான். ஆனால் 25 சதவீதத்தையாவது எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணை. வரியில்லாத காசை யாராவது விடுவார்களா?

பழைய ஆக்சுவரி

இங்கேதான் வழக்கமான புத்திமதி பிழைக்கிறது. 15,500 பவுண்டை எடுத்தால், 10 சதவீதத்தில் வருடம் 1,550 பென்சன் போகிறது. அதற்கு 20 சதவீத வரி கட்டினாலும் கையில் 1,240. எடுத்த தொகைக்குச் சமமாக வர பன்னிரண்டரை வருடம். சாதாரண 7.2 விகிதத்தில் இதே கணக்கு 17 வருடத்துக்கு மேல் போகும், அதனால்தான் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எடு என்கிறார்கள். உத்தரவாதம் உள்ளவர் ஒவ்வொரு பவுண்டையும் அந்தப் பத்து சதவீதத்துக்குள் வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. உடம்பு நன்றாக இருந்தால் எடுக்காதே என்பேன். நீரிழிவோடு 78 வரை என்பது சமநிலையான பந்தயம்.

வரியும் எல்லா வருடமும் ஒரே மாதிரி இல்லை. ஐயா 1961ல் பிறந்தவர், அரச பென்சன் 67ல், அதாவது 2028 அக்டோபரில். அதுவரை வேறு வருமானம் இல்லையென்றால் இந்தப் பென்சன் 12,570 வரிவிலக்கு வரம்புக்குள் அடங்கும். 67க்குப் பிறகு அரச பென்சனே அந்த வரம்பை நிரப்பிவிடும். வரம்பை 2031 ஏப்ரல் வரை உறைய வைத்திருக்கிறார்கள். அதன் மேல் வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 20 சதவீதம் போகும்.

டூட்டிங் கடைக்காரர்

அந்த 25 சதவீதத்தில்தான் வீட்டில் இன்னும் இழுபறி. முதல் தவணை 2027 அக்டோபரில்தான் வரும், கடை விற்ற காசு அதுவரை காணும். ஆனால் மகளின் கல்யாணம் ஒன்று இருக்கிறது. மனைவி சொல்கிறார், "கல்யாணத்துக்கு என் நகையை வைக்கலாம், பத்து சதவீதத்தை வைக்க முடியாது." மகள் நகையையும் வேண்டாம், மண்டபத்தையும் வேண்டாம், நூறு பேர் போதும் என்கிறாள். பார்ப்போம்.

மற்றதெல்லாம் முடிவாகிவிட்டது. உத்தரவாதத்தை எடுக்கிறேன், 5 வருட காலத்தோடு. ராணி சொன்னதற்காக இரண்டு இடத்தில் நோய் விவரம் எல்லாம் எழுதிக் கொட்டேஷன் எடுத்தேன். கூடியது 7.9. மனைவியின் சிஎஃப்411 படிவம் நேற்று அனுப்பியாகிவிட்டது. பென்சன் வைஸில் அடுத்த செவ்வாய்க்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது.

கடைசியாக ஒன்று: வயது போன பிறகு யாழ்ப்பாணத்தில் போய் இருந்தால் இந்தக் காசு வருமா?

ஹரோ கணக்கர்

அன்யுட்டி வரும், எங்கே இருந்தாலும். அரச பென்சனும் வரும், ஆனால் இலங்கையில் நிரந்தரமாகத் தங்கினால் அது வருடாவருடம் ஏறாது, போன நாளில் இருந்த தொகையிலேயே நிற்கும். இந்தியாவுக்கும் அதே கதை. அக்காவுக்கும் சேர்த்து யோசியுங்கள். குளிருக்குப் போய் வெயிலுக்குத் திரும்பி வருகிற ஆட்களுக்கு, இங்கேயே வதிவிடம் இருந்தால், பிரச்சினை இல்லை.

பழைய ஆக்சுவரி

ஒன்று மட்டும். பிறந்தநாளுக்கு மூன்று நான்கு மாதத்துக்கு முன்பே படிவத்தைக் கேட்டு வாங்குங்கள், கையெழுத்துப் பெறும் தபாலில் அனுப்புங்கள், கிடைத்தது என்று எழுத்தில் வாங்குங்கள். "சந்தை விகிதம்" என்றும் "உத்தரவாத விகிதம்" என்றும் இரண்டு பெட்டி இருக்கும். எதில் சரி போட்டோம் என்பதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கம்பனி கைமாறிய பொலிசி இது, கோப்பில் அந்த வரியைக் கவனிக்காமல் விட்டுவிட ஓர் ஆள் போதும்.